குழந்தைகள் வார்டிலிருந்து பெரியவர்கள் ஓ.பி.க்கு: டெல்டா பிள்ளைகள் நழுவிப்போகும் இடம்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பெரும்பாலும் 12 வயதோடு முடிந்துவிடுகிறது. சட்டம் ஒருவரை வளர்ந்தவராக ஏற்பது 18-இல். காவிரி டெல்டாவில் ஒரு வீடு தன் பிள்ளையைப் பெரிய ஆளாக ஒத்துக்கொள்வதோ, பையன் என்றால் முதல் சம்பளம் வரும்போது, பெண் என்றால் கழுத்தில் தாலி ஏறும்போது. சளி, காய்ச்சலுக்கு மட்டும் டாக்டரைப் பார்க்கிற பிள்ளைக்கு இந்த மூன்று கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. டைப் 1 சர்க்கரை, வலிப்பு, ருமாட்டிக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வு, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா, அடிக்கடி முகம் வீங்கிச் சிறுநீரில் புரதம் போகும் நெஃப்ராடிக் நோய் என்று ஏதோ ஒன்றோடு வளர்கிற பிள்ளைக்கு ஆபத்து வருவது இந்தக் கணக்குகளுக்கு நடுவில்தான்.

நம் தாத்தா காலத்தில் இப்படியொரு பிரச்சினையே கிடையாது. இன்சுலின் கிடைக்காத ஊரில் டைப் 1 பிள்ளை பிழைத்ததில்லை. இதயத்தில் பெரிய குறையோடு பிறந்த குழந்தை பள்ளிக்கூடம் போவதே அபூர்வம். அனுப்ப ஆள் இருந்தால்தானே எங்கே அனுப்புவது என்ற பேச்சு வரும்? 2008-இல் தமிழ்நாடு அரசு இளஞ்சிறார் இருதயப் பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2013-இல் மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் வந்தது. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் மருத்துவக் குழு வேனில் போய், பிறவிக் குறை, சத்துக்குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பார்த்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும் திட்டம் அது. 2008-இல் ஐந்து வயதில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்துகொண்ட குழந்தை இன்று இருபதைத் தாண்டிவிட்டது. திட்டங்கள் ஜெயித்ததால் வந்த பிரச்சினை இது. குறை சொல்லும்போது இதை மறக்கக் கூடாது.

ஆனால் அந்த ஆபரேஷனையே எடுத்துக்கொள்வோம். பிறவியிலேயே உடம்பு நீலம் பாரிக்கும் ஃபாலோ டெட்ராலஜி என்ற இதயக் குறைக்கு ஆபரேஷன் செய்து அனுப்பும்போது, "நல்லபடியா முடிஞ்சுது, இனிமே ஓடி ஆடலாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டில் அதை "குணமாயிடுச்சு" என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் நுரையீரலுக்குப் போகும் வழியில் உள்ள வால்வு பல வருஷம் கழித்து ஒழுகத் தொடங்கலாம், இருபதிலோ முப்பதிலோ அதை மாற்ற வேண்டி வரலாம். அதற்காகத்தான் ஆயுசு முழுக்க அவ்வப்போது எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வது. பத்து வயதில் நின்றுபோன ரிவ்யூவை இருபது வயதில் யார் ஞாபகப்படுத்துவார்கள்?

மருத்துவமனை மாறுகிற நேரத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு நான் படித்ததில் பளிச்சென்ற கணக்கு 2012-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் இளைஞர்களைப் பற்றியது. எந்த ஏற்பாடும் இல்லாமல் நேரே பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றப்பட்ட 9 பேரில் 6 பேர் அந்தச் சிறுநீரகத்தை இழந்துவிட்டார்கள். அப்புறம் குழந்தைகள் டாக்டரும் பெரியவர்கள் டாக்டரும் சேர்ந்து உட்காரும் இளைஞர் கிளினிக் ஒன்றைத் தொடங்கி, அதையும் ஆஸ்பத்திரியிலிருந்து கல்லூரிக்கும் விளையாட்டு மையத்துக்கும் கொண்டுபோனார்கள். அந்த வழியில் வந்த 12 பேரில் ஒருவர்கூட இழக்கவில்லை. எண்ணிக்கை சின்னது, அதை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது. இருந்தாலும் புதிதாக எந்த மருந்தும் கண்டுபிடிக்காமல் கிடைத்த பலன் அது.

அம்மாதான் கேஸ் ஷீட்

குழந்தைகள் வார்டு 12 வயதில் முடிகிறது என்பது ஏட்டுக் கணக்கு. சிறுவயதிலிருந்து பார்த்த பிள்ளை என்பதால் 16, 17 வயது வரை பார்த்துக்கொடுக்கிற குழந்தைகள் டாக்டர்கள் டெல்டாவில் உண்டு. அந்த ஓ.பி.யில் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி ஒரு பேச்சு காதில் விழும்.

"காலையில இன்சுலின் எத்தனை யூனிட் போடுறே தம்பி?"

"பன்னெண்டு சார்," என்பார் அம்மா.

"ராத்திரி?"

"எட்டு. போன வாரம் ரெண்டு தடவ சுகர் லோ ஆயிடுச்சு, அதான் ஏழாக் கொறச்சேன்."

தம்பிக்கு மீசை அரும்பியிருக்கும். அவர் போனில் இருப்பார்.

அந்த அம்மா நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவராக இருக்கலாம், எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவராக இருக்கலாம். ஆனால் எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எந்த வருஷம் ஐ.சி.யூ.வில் இருந்தான், எந்த டாக்டர் டோஸை மாற்றினார், பரீட்சை நேரத்தில் சர்க்கரை எப்படி ஏறும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. மிச்சம் ஒரு மஞ்சப்பைக்குள் இருக்கிறது: மடித்து மடித்துக் கிழிந்த டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் சீட்டுகள், ஆஸ்பத்திரி நோட்டு. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது ஓடும் கூரையும் பறந்த வீடுகளில் அந்தப் பை என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அதே தம்பி தனியாகப் பெரியவர்கள் ஓ.பி.க்கு வருகிறார். முன்னால் நாற்பது பேர், பின்னால் நாற்பது பேர். டாக்டருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம். "என்ன மாத்திரை சாப்பிடுறே?" "வெள்ளையா, சின்னதா ஒண்ணு சார்." இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் எதுவும் செய்ய முடியாது. தம்பி மேலும் தப்பில்லை, அவரிடம் யாரும் இதுவரை எதையும் கேட்டதில்லை.

நாம் பிரச்சினையை எப்போதும் ஆஸ்பத்திரிப் பக்கமே வைத்துப் பேசுகிறோம்: சிறப்பு டாக்டர் இல்லை, கட்டடம் இல்லை என்று. டெல்டாவில் அந்தப் பக்கம் நிறையவே மாறியிருக்கிறது. 1959-இல் தொடங்கிய தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஒன்றையே நம்பியிருந்த காலம் போய், திருவாரூரில் 2010-இல், புதுக்கோட்டையில் 2017-இல், நாகப்பட்டினத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2020-இல் தனி மாவட்டமான மயிலாடுதுறைக்குத்தான் இன்னும் இல்லை. மாறாதது வீட்டுப் பக்கம். ஆஸ்பத்திரி பிள்ளையை அவசரமாக 12-இல் கைமாற்றப் பார்க்கிறது, வீடோ நோயைப் பிள்ளை கையில் கொடுப்பதே இல்லை. இரண்டாவதைச் சரிசெய்யாமல் முதலாவதைச் சரிசெய்து பயனில்லை என்பது என் எண்ணம்.

சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

நோய் கைமாறாமல் போனால் என்ன ஆகும் என்பதை டைப் 1 சர்க்கரையில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். இது நம் அப்பா அம்மாவுக்கு ஐம்பதில் வருகிற சர்க்கரை இல்லை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிறது. இன்சுலின் ஊசி இல்லாமல் சில நாள்கூடத் தாங்காது. மாத்திரை இதற்கு மாற்று ஆகாது.

பெரியவர்கள் சுகர் கிளினிக்கில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் டைப் 2. அங்கே பழகிய கையும் பழகிய அறிவுரையும் அவர்களுக்கானவை. இருபது வயதில் ஒல்லியாக ஒருத்தர் வந்து நிற்கும்போது, "இந்த வயசுலயே சுகரா? சோத்தைக் கொறை, நட" என்ற பேச்சு தானாக வருகிறது. நாலு வேளை ஊசியாக இருந்ததை, கையிருப்பில் இருக்கிறது என்பதற்காக இரண்டு வேளை கலப்பு இன்சுலினாக மாற்றிவிடுவதும் நடக்கும். எல்லாவற்றையும்விட ஆபத்து, ஊசியை நிறுத்திவிட்டு மாத்திரை எழுதுவது. "எனக்கு டைப் 1, இன்சுலினை நிறுத்த முடியாது" என்று அந்த வரிசையில் நின்று சொல்லத் தெரிந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும்.

அப்புறம் சிரிஞ்சு. இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டாகவும் வருகிறது, 100 யூனிட்டாகவும் வருகிறது. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அரசு ஆஸ்பத்திரியில் 40 குப்பியும் சிவப்பு மூடியும் வாங்கிப் பழகிய ஒருவர், கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தீர்ந்துபோய் மருந்துக் கடையில் 100 குப்பியை வாங்கிக்கொண்டு, கையிலிருக்கும் பழைய சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். தலைகீழாக, 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் போவது வெறும் 8. சர்க்கரை ஏறிக்கொண்டே போகும், ஏன் என்று தெரியாது. பத்து வருஷமாகக் குப்பி வாங்கியது அம்மா, சிரிஞ்சு வாங்கியது அப்பா என்றால் இந்த மூடியின் நிறத்தைப் பிள்ளை கவனித்திருக்கவே மாட்டார்.

காய்ச்சல், வாந்தி வந்து சாப்பிட முடியாத நாளிலும் இன்சுலினை மொத்தமாக நிறுத்தக் கூடாது என்பது இன்னொன்று. "சாப்பிடவே இல்ல, எதுக்கு ஊசி?" என்பது எல்லோருக்கும் நியாயமாகத்தான் படும். அந்த நியாயம்தான், இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாகிப்போகும் கீட்டோஅசிடோசிஸில் கொண்டுபோய் விடுகிறது. வயிற்றுவலி, வாந்தி, மேல்மூச்சு என்று தொடங்கும். ஹாஸ்டல் வார்டன் அஜீரணம் என்று நினைத்து ஜெலுசில் கொடுத்துப் படுக்கவைத்துவிடுவார்.

எதிர்ப்பக்கம் சர்க்கரை தாழ்ந்துபோவது. கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு குழறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும். பார்க்கிறவர்களுக்கு அது குடித்த ஆள் மாதிரி இருக்கும். இரவு பத்து மணிக்குப் பேருந்து நிலையத்தில் ஒரு இளைஞர் இப்படித் தள்ளாடினால் யாரும் கிட்டே வர மாட்டார்கள். நண்பர்களோடு சேர்ந்து நிஜமாகவே கொஞ்சம் குடித்தும் இருந்தால் ஆபத்து இரட்டிப்பு, ஏனென்றால் மது கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுவதைத் தடுக்கிறது. "குடிக்காதே" என்று அம்மா முன்னால் சொல்லி முடித்துக்கொள்கிற டாக்டரிடம் இந்த விஷயம் பேசப்படுவதே இல்லை. அம்மாவைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் பையனோடு மட்டும் பேசும் பழக்கம் குழந்தைகள் ஓ.பி.யிலேயே 13, 14 வயதில் தொடங்க வேண்டும். நம் ஊரில் அது மரியாதைக் குறைவாகத் தெரியும்தான். முதல் இரண்டு தடவைதான் சங்கடம்.

கல்யாணப் பேச்சு வரும் வீடு

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நோய் கைமாறுவது ஆஸ்பத்திரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இல்லை, வீட்டிலிருந்து வீட்டுக்கு. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல்.

வலிப்புதான் இதில் பெரிய ரகசியம். மாத்திரை சாப்பிட்டு மூன்று வருஷமாக ஒரு ஃபிட்ஸ்கூட வராத பெண்ணுக்கு ஜாதகம் எடுக்கும்போது, மாத்திரைப் பட்டையை அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். புகுந்த வீட்டில் மாமியார், நாத்தனார் கண்ணில் படாமல் தினம் இரண்டு வேளை மாத்திரை போடுவது முடியாத காரியம். ஒரு வாரத்தில் நின்றுவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக, நிற்காமல் வலிப்பு வரலாம். இத்தனைக்கும் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாது என்று கேட்க இருந்த வழியை 1999-லேயே திருத்தம் போட்டு எடுத்துவிட்டார்கள். சட்டம் விட்டாலும் ஊர் விடுவதில்லை.

மாத்திரையின் பெயரும் இங்கே முக்கியம். சிறுவயதில் வலிப்புக்கு நன்றாகக் கேட்ட வால்ப்ரோயேட்டையே பல பெண்கள் வளர்ந்த பிறகும் தொடர்கிறார்கள். கர்ப்ப காலத்தில் இந்த மருந்து சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறையும், பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் பிரச்சினையும் வரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எச்சரித்திருக்கின்றன. குழந்தை வேண்டும் என்ற பேச்சு வருவதற்கு முன்பே, நரம்பியல் டாக்டரைப் பார்த்து வேறு மருந்துக்கு மெதுவாக மாற வேண்டும், ஃபோலிக் ஆசிட் தொடங்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போய், கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி அட்டை போடப் போகும்போது முதல் தடவையாகக் கிராம செவிலியரிடம் இதைச் சொன்னால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கருவின் முக்கிய உறுப்புகள் உருவாவது அந்த முதல் வாரங்களில்தான்.

இரும்பு வால்வு பொருத்திய பெண்களுக்கும் இதே கதை. ரத்தம் உறையாமல் இருக்க அவர்கள் சாப்பிடும் அசிட்ரோம், வார்ஃபரின் வகை மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டும். இதய டாக்டரும் மகப்பேறு டாக்டரும் சேர்ந்து முன்கூட்டியே திட்டம் போட வேண்டிய விஷயம் இது, சீமந்தத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளக் கூடியது அல்ல.

ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடும் பெனிசிலின் ஊசியும் இப்படித்தான் நின்றுபோகிறது. வலிக்கும் ஊசி. இதயம் பாதிக்கப்படாதவர்களுக்குக் கடைசிக் காய்ச்சலிலிருந்து 5 ஆண்டு அல்லது 21 வயது வரை, இரண்டில் எது அதிகமோ அதுவரை போட வேண்டும். வால்வு கெட்டுப்போனவர்களுக்கு 10 ஆண்டு அல்லது 40 வயது வரை, சிலருக்கு ஆயுசுக்கும். ப்ளஸ் டூ முடித்து ஊர் மாறியதும், புது ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் "ஒவ்வாமை வந்தா யார் பொறுப்பு?" என்று போட மறுத்தால், பிள்ளையும் விட்டது தொல்லை என்று இருந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து, பெரும்பாலும் முதல் பிரசவத்தில், மூச்சு வாங்கும்போதுதான் வால்வு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று தெரியவரும்.

பையன்கள் வேறு விதமாகத் தொலைகிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னை, சிங்கப்பூர், வளைகுடா. வெளிநாட்டு மெடிக்கலில் தெரிந்துவிடும் என்பதற்காக மறைப்பது ஒன்று. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்பு உண்டா என்ற கேள்விக்குக் கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று எழுதுவது இன்னொன்று. ஹீமோஃபிலியா உள்ளவருக்கு ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் ஊசி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசம்தான். ஆனால் திருப்பூரில் இரவு பதினோரு மணிக்கு முழங்கால் வீங்கினால் எந்த வாசலுக்குப் போவது என்று கிளம்புவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அட்டையில் பெயர் இருக்கிறதா

பணம், காகிதம் சம்பந்தப்பட்டவை சின்ன விஷயமாகத் தோன்றும். சிகிச்சை நிற்பது பல நேரம் இவற்றால்தான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. அதன் குடும்ப வரையறையில் பிள்ளைக்கு இடம் வேலைக்குப் போகும் வரை, திருமணம் ஆகும் வரை அல்லது 25 வயது வரை, எது முதலில் வருகிறதோ அதுவரைதான். கல்யாணமான பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு ரேஷன் அட்டையிலிருந்து எடுத்து, புகுந்த வீட்டு அட்டையில் சேர்த்து, அதை வைத்துக் காப்பீட்டில் சேர்ப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அந்த மாதங்களில் இரண்டு பக்கமும் பெயர் இருக்காது. தரங்கம்பாடிப் பெண்ணைக் காரைக்காலில் கட்டிக்கொடுத்தால் இன்னும் வேடிக்கை: பஸ்ஸில் அரை மணி தூரம்தான், ஆனால் அது புதுச்சேரி அரசு. தமிழ்நாட்டுக் காப்பீடு அங்கே குடும்ப அட்டை வைத்திருப்பவருக்குச் செல்லாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஹீமோஃபிலியா, தலசீமியா, சிக்கிள்செல் என்ற ரத்த நோய் அதில் உண்டு, டைப் 1 சர்க்கரை இல்லை. பட்டியலில் இருப்பவர்கள் சிறுவயதில் வாங்கிய சான்றிதழ் தற்காலிகமானதா என்று 18-க்கு முன் ஒரு தடவை எடுத்துப் பார்ப்பது நல்லது. மூளை வளர்ச்சிக் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருக்கிறது. 18 வயது ஆனதும் அவர்கள் சட்டப்படி தானாகக் காப்பாளர் இல்லை. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துத்தான் காப்பாளர் ஆணை வாங்க வேண்டும்.

அரசுத் திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரிந்துவிடும். பள்ளிப் பரிசோதனைத் திட்டம் 18-இல் நிற்கிறது. வளரிளம் பருவத்தினருக்காக 2014-இல் வந்த ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வஸ்திய காரியக்ரம் 19-இல் நிற்கிறது. தேசியத் தொற்றாநோய்த் திட்டம் வீடுவீடாகத் தேடுவது 30 வயதுக்கு மேற்பட்டவர்களை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிரஷர், சுகர் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருகிறது, அதனால் பயன்பெறுபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். ஆக, 19-லிருந்து 30 வரை இந்த நோய்களோடு வாழ்பவர்களைப் பெரும்பாலும் யாரும் தேடி வருவதில்லை. டைப் 1 பிள்ளைக்கும் வால்வு பிள்ளைக்கும் நோய் கைவிட்டுப்போவது அந்தப் பதினோரு வருஷத்தில்தான்.

13-இல் தொடங்கினால்

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2016-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றும் ஏற்பாட்டை 13, 14 வயதிலேயே தொடங்கச் சொல்கிறது. மாறுவதற்கு முன் ஆறு மாதம், மாறிய பின் ஆறு மாதம், குறைந்தபட்சம் அவ்வளவு காலம் ஒரே ஆள் பொறுப்பாகக் கூட இருக்க வேண்டும் என்கிறது. நம் ஓ.பி. கூட்டத்தில் ஒருவருக்கு ஒரு ஆள் என்பது நடக்காது, சரி. வீட்டில் தொடங்குவதற்கு யாருடைய உத்தரவும் வேண்டியதில்லை.

ஏழாவது, எட்டாவது படிக்கும்போது மாத்திரையின் பெயரையும் அளவையும் பார்க்காமல் சொல்லப் பழக்கலாம். ஒன்பதாவதில் ஊசியைத் தானே போட்டுக்கொள்ள, பத்தாவதில் தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே "மருந்து தீரப்போவுதும்மா" என்று சொல்ல. ப்ளஸ் ஒன்னில் ஓ.பி. சீட்டைத் தானே வாங்கி, டாக்டரிடம் முதலில் தானே பேச, அம்மா பின்னால் நின்று விட்டதை மட்டும் சேர்த்துச் சொல்ல. நடுவில் சொதப்பும். பரீட்சை மாதத்தில் ஊசியைத் தவறவிடும். அப்போது பொறுப்பை மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் அம்மாக்களுக்குக் கஷ்டமான பாடம். அப்பாக்களைப் பற்றி நான் இங்கே ஒன்றும் சொல்லவில்லை, அவர்களில் பலர் இன்னும் முதல் பாடத்துக்கே வரவில்லை.

மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதும் டெல்டாப் பிள்ளைக்குப் பாடத்திட்டத்தில் உண்டு. கஜாவுக்குப் பிறகு சில கிராமங்களுக்குக் கரண்ட் வரப் பல வாரம் ஆயிற்று. பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, நிழலில் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் இன்சுலின் வெயிலில் வீணாகாமல் இருக்கும். மணல் காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். இதைச் செய்து பார்த்த பிள்ளைக்கு, ஃப்ரிட்ஜ் இல்லாத அறை எடுத்துத் தங்குவது பயமாக இருக்காது.

டாக்டரிடமிருந்து வேண்டியது ஒரே ஒரு பக்கம். நோயின் பெயர், கண்டுபிடித்த வருஷம், இப்போதைய மருந்தும் அளவும், ஒத்துக்கொள்ளாத மருந்து, நடந்த ஆபரேஷன், அடுத்த எக்கோவோ ரத்தப் பரிசோதனையோ எப்போது, அவசரத்தில் செய்ய வேண்டியது, செய்யவே கூடாதது. டைப் 1 என்றால் முதல் வரியிலேயே "இன்சுலினை நிறுத்தக் கூடாது". அதைப் போனில் படம் எடுத்து அக்காவுக்கும் அறைத்தோழனுக்கும் அனுப்பிவைத்தால் புயல் வந்தாலும் போகாது.

முக்கியமாக, பெரியவர்கள் பிரிவுக்குப் போகும் முதல் நாள், குழந்தைகள் டாக்டரைப் பார்க்கும் கடைசி நாளுக்கு முன்னால் வர வேண்டும். ஒரே வளாகத்தில் இரண்டு பிரிவும் இருக்கும் மருத்துவக் கல்லூரியில் மாதம் ஒரு பிற்பகல் இரண்டு டாக்டரும் ஒரே அறையில் உட்கார்ந்தால் போதும். புதுக் கட்டடமோ புதுப் பதவியோ தேவையில்லை. அந்த அறைக்குச் சனிக்கிழமை மதியத்தைக் கொடுத்தால் கல்லூரிப் பிள்ளையும் கம்பெனிப் பையனும் ஊருக்கு வரும் நேரத்தில் வர முடியும். செவ்வாய் காலை எட்டு மணி சுகர் கிளினிக் என்றால் ஒரு நாள் சம்பளம் போகும், வர மாட்டார்கள்.

அப்படியும் வராதவர்கள் இருப்பார்கள். அவர்களைத் தேடுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, வர வேண்டியவர்களில் வராதவர்களின் பெயர்களைக் குழந்தைகள் பிரிவு அந்தந்த வட்டாரத்துக்கு அனுப்பினால் கிராம சுகாதார செவிலியர் பார்த்துக்கொள்வார். அந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டவர் அவராகவே இருக்கலாம். அவருக்கு வீடு தெரியும், அம்மாவின் போன் நம்பர் தெரியும், பையன் திருப்பூரில் எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்பதும் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.